வீட்டுச் சாட்சி

பிளாக் பெல்ட் வாங்க ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கோவிந்தனை எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வான். இத்தனைக்கும் அவன் வாழ்நாளில் ஒரு தண்டால் எடுத்ததில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பெல்ட்டுக்குப் படிப்பவள் அவன் மனைவி சரளா. மகள் சௌம்யா அந்தப் பட்டியலை நோட்டுத் தாளில் எழுதி, கேஸ் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். எட்டு மாதமாக டீ கொதிக்கும்போதெல்லாம் அவன் அதைப் படித்திருக்கிறான். படிக்க அந்தச் சுவரில் வேறு ஒன்றும் இல்லை.

ஒன்று, நிற்பது, குத்துவது, தடுப்பது, உதைப்பது. முதல் நாள் கற்றதை ஏழு வருஷம் கழித்தும் சோம்பலில்லாமல் செய்ய வேண்டும். இரண்டு, கட்டா ஐந்து. கட்டா என்றால் எதிரே ஆள் இல்லாமல் போடுகிற சண்டை. மூன்று, ஆளை வைத்துக்கொண்டு போடுகிற சண்டை. மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, நடுவில் தண்ணீர் கிடையாது. நான்கு, முதலுதவி. ஐந்து, ஜப்பான் பாஷையில் எண்ணிக்கையும் பெயர்களும். ஆறு, வெள்ளை பெல்ட் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் பாடம் எடுப்பது. ஏழாவது வரியில் தாளிப்பு எண்ணெய் தெறித்து எழுத்து மங்கியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது: வீட்டுச் சாட்சி.

முதல் ஆறும் சரளாவுக்கு. ஏழாவது கோவிந்தனுக்கு.

ஊரில் எத்தனையோ கராத்தே வகுப்புகள் உண்டு. எங்கும் இப்படி ஒரு வழக்கம் இல்லை. இது ரிச்சர்ட்ஸ் டவுன் டேரில் மாஸ்டர் வைத்த வழக்கம். பரீட்சை எல்லாம் முடிந்ததும், பெல்ட் வாங்குகிறவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒருவர், பதினெட்டு வயது நிரம்பியவர், ஹாலின் நடுவில் வந்து நிற்க வேண்டும். மாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இந்த ஒரு வருஷத்தில் இவர் கோபத்தில் யாரையாவது அடித்தாரா? "ஹால்ல எல்லாரும் நல்லவங்கதான் மேன். பெல்ட்டு வீட்டுக்குப் போகுது. வீட்டு ஆள் சொல்லட்டும்" என்பார். பெரும்பாலும் அது ஒரு சம்பிரதாயம். யாருடைய மனைவியாவது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு "இல்ல சார்" என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள்.

கோவிந்தன் விஷயத்தில் சின்ன இடைஞ்சல் இருந்தது. அவனுடைய வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வெள்ளிக்கிழமைதான் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, இழுத்தால் நீள்கிற துணியைச் சுற்றி அனுப்பினார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை ஒன்பது மணிக்கு.

காலை ஆறரைக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்துப் பெங்களூர்த் தூறல், குடை எடுத்தால் நின்றுவிடும், வைத்தால் தொடங்கும். கொடியில் காயாத கராத்தே உடுப்பைச் சரளா இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நீலம் போட்டுத் துவைத்தது. அழுத்தும்போது ஆவி எழுந்தது. அதே கொடியில் ஒரு முனையில் பழைய செய்தித்தாள் ஒன்று கிளிப்பில் தொங்கியது. அது காய்வதற்காக அல்ல. தினமும் வேலைக்குப் போகும் முன் அந்தத் தாளின் முன்னால் நின்று நூறு குத்து விடுவாள். தாள் ஆட வேண்டும், கை அதைத் தொடக் கூடாது. அதுதான் கணக்கு. தொடக்கத்தில் நாளுக்கு ஒரு தாள் கிழிந்தது. இப்போது தொங்குகிற தாளில் போன தீபாவளி விளம்பரம் இருந்தது.

கோவிந்தன் அடுப்படியில் ஒரு பிடி மைதாவைப் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தான். திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார் பாய். பரோட்டா மாவை உள்ளங்கையால் அழுத்தி, அடித்து, மேலே விசிறி, காற்று உள்ளே போக மடிக்க வேண்டும். எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது. அழுத்தினான். முழங்கை வரை மின்னலடித்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான்.

சௌம்யா பட்டியலைப் பார்த்து அம்மாவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பி.யூ.சி. இரண்டாம் வருஷம். வாய் மட்டும் எம்.ஏ. முடித்திருந்தது.

"எண்ணும்மா."

"இச், நி, சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹாச்சி, கூ, ஜூ."

"மூக்குல ரத்தம் வந்தா?"

"தலைய பின்னால சாய்க்கக் கூடாது. முன்னால குனிய வெச்சு மூக்க அழுத்திப் பிடிக்கணும். பத்து நிமிஷம்."

"வலிப்பு வந்தா?"

"வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது. பக்கமா படுக்க வெக்கணும்."

"கை ஒடஞ்சா?"

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. அடுப்படியில் மைதாவும் நின்றது.

"அது தெரியும்" என்றாள் சரளா.

"அதுக்குத்தான் ப்ராக்டிகல் முடிஞ்சுடுச்சே" என்று சொல்லிவிட்டு சௌம்யா குளிக்கப் போய்விட்டாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது நடந்தது. அன்றைக்கு ஹோட்டலில் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று முட்டை உடைக்கிற பச்சைமுத்து ஆரம்பித்தான். "இன்னா மாஸ்டர், ஊட்டுக்காரம்மா கராத்தேவாமே? கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லுவியா, இல்ல பேப்பர்ல எழுதி குடுத்துட்டு ஓடிடுவியா?" கல்லைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பாய்கூடச் சிரித்தார். கோவிந்தனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை வழியெல்லாம் மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தான்.

சரளா டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடித்து, பதினொரு மாடி துடைத்த முழங்காலோடு வந்து, உடுப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் போகாதே என்றான். இன்னும் ஒண்ணர மாசந்தான், பரீட்சை இருக்கு, போவேன் என்றாள். அவன் சத்தம் போட்டான். அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் சத்தந்தான் அவனுக்குத் தாங்கவில்லை. தினம் எழுநூறு பரோட்டா அடிக்கிற கையை ஓங்கினான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேசவில்லை. மற்றவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியிலும் ஹோட்டலிலும் தெருவிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டுச் சொர்ணம்மா எதையும் பார்க்கவில்லை. ஆனால் கேட்டிருந்தாள். மேலிருந்து ஒரு பெண்பிள்ளை அடிவயிற்றிலிருந்து போட்ட கத்தல், அடுத்து 'தொம்' என்று ஒரு ஆண்பிள்ளை விழுந்த சத்தம். புருஷன் பாத்ரூமில் வழுக்கினால், விழும் முன்பே பெண்டாட்டி அப்படியா கத்துவாள்? சொர்ணம்மா தன் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்து, அதைக் குழந்தை யேசு கோவில் பக்கத்து மெழுகுவத்திக் கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

ஆக, கோவிந்தனிடம் மூன்று கதைகள் இருந்தன. பாத்ரூம் கதையில் அவன் சொந்த வீட்டில் நிற்கத் தெரியாதவன். சொர்ணம்மாவின் கதையில் பெண்டாட்டியிடம் அடி வாங்கியவன். உண்மைக் கதையில் பெண்டாட்டியை அடிக்கப் போனவன், அதையும் சரியாகச் செய்யத் தெரியாதவன். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டான். எதுவும் உடம்புக்குச் சரியாக உட்காரவில்லை.

மைதாவை மூடி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

"சரளா."

"ம்."

"அங்க நான் இன்னா சொல்லணும்?"

"நான் சொல்லிக் குடுத்தா அதுக்குப் பேரு சாட்சியா?"

"இல்ல... பாத்ரூம்லன்னே சொல்லிடட்டா? உனுக்கும் நல்லது, எனுக்கும்..."

"சொல்லு. அங்கயே எல்லார் முன்னாடியும் இல்லன்னுடுவேன்."

"அப்ப உன் பெல்ட்டு போயிடுமே."

"போவட்டும்."

"அந்த ஸ்கூலு வேல?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கராத்தே டீச்சர் வேலை. பிளாக் பெல்ட் இருந்தால்தான் எடுப்பார்கள். நாளைக்குச் சர்ட்டிபிகேட்டோடு போக வேண்டும். போகாவிட்டால் டெக் பார்க், பதினொரு மாடி, இருபத்திரண்டு கக்கூஸ்.

"இங்க பாருய்யா" என்றாள். குரல் ஏறவே இல்லை. "அன்னிக்கி நீ கை ஓங்கினே. அதுக்கு நான் பதில் சொல்லிட்டேன், முடிஞ்சுது. ஆனா ஆறு வாரமா தெருவுல போறவ வர்றவ எல்லாம் என்னப் பாத்து குசுகுசுன்றா. புருஷன் கைய ஒடச்சவளாம். நீ பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாயத் தொறந்தியா?"

கோவிந்தன் மணிக்கட்டுத் துணியின் நுனியை இழுத்துச் செருகினான். அது ஏற்கெனவே செருகித்தான் இருந்தது.

"நீ வரலன்னாலும் சரி. நான் ஆறு ஐட்டமும் செஞ்சுட்டு வந்துடுவேன். சௌம்யாக்கு பதினெட்டு ஆவ இன்னும் நாலு மாசம் இருக்குது. இல்லன்னா உன்னக் கேட்டிருக்கவே மாட்டேன்."

எலுமிச்சை சாதம் கட்டிய டப்பாவைப் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். கோவிந்தன் திடுக்கிட்டான்.

கீழே இறங்கும்போது சொர்ணம்மா குடையோடு வாசலில் தயாராக நின்றாள். பேரன் மஞ்சள் பெல்ட். அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

"இன்னாப்பா கோவிந்தா, கட்டு பிரிச்சுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"பாத்துப் போப்பா. பாத்ரூமு எல்லா எடத்துலயும் இருக்குது."

சௌம்யா இருமினாள். அது இருமல் இல்லை என்று கோவிந்தனுக்குத் தெரியும்.

சமுதாயக் கூடத்து வாசலில் ஷில்பா நின்றிருந்தாள். சரளாவுக்குச் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான், சரளாவைவிடப் பத்து வயது சின்னவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் சௌம்யாவை வகுப்பில் விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த சரளாவை, சும்மா ஏன் உட்கார்ந்திருக்கீங்க, வந்து நில்லுங்க என்று இழுத்து நிறுத்தியவள். சௌம்யா மஞ்சள் பெல்ட்டோடு ஓடிவிட்டாள். அம்மா நின்றுவிட்டாள்.

"அங்கிள், ஒந்து நிமிஷா." ஷில்பா அவனைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். "டேரில் சாருக்கு யாரோ போன் பண்ணிருக்காங்க. சரளா அக்கா உங்க கைய ஒடச்சிட்டாங்கன்னு."

"யாரு?"

"கொத்தில்லா, தெரியல. நான் அக்காவக் கேட்டேன். 'அவரு சொல்வாரு'ன்னாங்க, அஷ்டே, அவ்ளோதான். சார் ஒரு தடவ பெல்ட் இல்லன்னு சொன்னா மூணு வருஷத்துக்கு மறுபடி வர முடியாது அங்கிள். நான் மைசூர் போறேன், என் எடத்துக்கு அக்கா பேருதான் ஸ்கூல்ல குடுத்திருக்கேன். நீங்க சும்மா இல்ல இல்லன்னு தலையாட்டினா ஆகாது. கை எப்படி ஒடஞ்சுதுன்னு கேப்பாங்க. ரெடியா இருங்க."

தலையாட்டிவிட்டு உள்ளே போனான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலியின் நான்கு கால்களில் ஒன்று குட்டை. அசைந்தால் சத்தம் போட்டது. அதனால் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தான்.

சரளாவை இதற்கு முன் அவன் அந்த இடத்தில் பார்த்ததே இல்லை. தாளின் முன்னால் பார்த்திருக்கிறான். அது வீட்டு வேலைபோலத்தான் இருந்தது. இங்கே எதிரே ஆளில்லாமல் அவள் திரும்பித் திரும்பித் தடுத்தபோது, ஆள் இருப்பதுபோலவே இருந்தது. அந்த ஆளுக்கு எந்த முகம் வைத்திருக்கிறாள் என்று யோசித்தான். பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டான்.

மூன்றாவது சண்டையில் எதிரே ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையன், ஆறடி. இரண்டு பேரோடு ஆடி ஓய்ந்த சரளாவுக்கு மூச்சு தோள் வரை ஏறி இறங்கியது. பையனின் கை வழுக்கி வந்து அவள் உதட்டில் பட்டது. ரத்தம். சொர்ணம்மா "அய்யோ" என்றாள். சரளா நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நின்றாள். கோபம் வருகிறதா என்று கோவிந்தன் அவள் முகத்தைப் பார்த்தான், ஹாலில் வேறு யாரையும்விட அக்கறையாக. வரவில்லை. அடுத்த தடவை பையன் வந்தபோது ஒதுங்கி, அவன் விலாவில் தொட்டும் தொடாமலும் ஒரு குத்து வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

முதலுதவிக்கு டேரில் மாஸ்டர் சீட்டு எடுக்கச் சொன்னார். சரளா எடுத்த சீட்டை ஷில்பா வாசித்தாள். "கை முறிவு. தூளி கட்டணும்." ஹாலில் இருந்த பாதித் தலைகள் கோவிந்தன் பக்கம் திரும்பின. சரளா ஷில்பாவின் கையை மடித்து, முக்கோணத் துணியை அடியில் விட்டு, கழுத்துக்குப் பின்னால் அல்லாமல் தோள்பட்டைக்கு மேல் பக்கமாக முடிச்சுப் போட்டாள். கோவிந்தனின் கை தானாக அவன் தோள்பட்டைக்குப் போனது. அந்தச் செவ்வாய்க்கிழமை முடிச்சு இருந்ததும் அங்கேதான். அவளுடைய துப்பட்டா. அவன் வலியில் கத்திக்கொண்டிருக்க, அவள் கழுத்து நரம்பில் முடிச்சு அழுத்தாமல் தள்ளிக் கட்டினாள். ஆட்டோ பிடித்ததும் அவள்தான். ஆட்டோக்காரரிடம் பாத்ரூம் என்று சொன்னது இவன்.

"சாட்சி" என்றார் டேரில் மாஸ்டர்.

அறுபது வயசு. தொப்பை இருந்தது. ஆனால் அந்தத் தொப்பையை யாரும் பார்ப்பதில்லை. "மிஸ்டர் கோவிந்தன், வாங்க மேன். பயப்படாதீங்க, சண்டைக்குக் கூப்பிடல."

நாற்காலி சத்தம் போட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றான். தரையில் வியர்வை ஈரம். வழுக்கி விழுந்தால் பாத்ரூம் கதைக்கு வலு சேரும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"இந்த ஒரு வருஷத்துல, சரளா கோவத்துல யாரையாவது அடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"உங்க கை?"

"பாத்ரூ..."

சரளா நான்கடி தள்ளி நேராக நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. உதட்டு ரத்தம் காய்ந்திருந்தது. வாயைத் திறக்க மூச்சு இழுத்தாள். அவள் சொல்லிவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"நான்தான் சார் கை ஓங்கினேன்" என்றான் அவசரமாக.

டேரில் மாஸ்டர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"கொஞ்சம் சத்தமா."

"நான் அவள அடிக்கக் கை ஓங்கினேன் சார். வகுப்புக்குப் போவாதன்னேன், போவேன்னா. அதுக்கு. அவ தப்பு ஒண்ணும் கெடயாது."

"அவங்க இன்னா பண்ணாங்க?"

"எடது கையால தடுத்தா. வலது கை வந்துச்சு."

"பட்டுதா?"

"இல்ல சார். இங்க நின்னுச்சு." இடது கையைத் தூக்கித் தன் மூக்குக்கு முன்னால் காட்டினான். மூக்குக்கும் கைக்கும் நடுவில் அரை விரல் இடைவெளி. "காத்து மட்டுந்தான் வந்துச்சு."

"அப்ப கை எப்படி ஒடஞ்சுது?"

கோவிந்தன் பச்சைமுத்துவை நினைத்தான். நாளைக்குக் கல்லுக்கு முன்னால் இதைத்தான் பரோட்டாவோடு சேர்த்துப் பரிமாறப் போகிறார்கள்.

"பயந்துட்டேன் சார். பின்னால போனேன். கிரைண்டர் இருந்துச்சு. தடுக்கி விழுந்து கைய ஊனினேன்."

முதல் சிரிப்பு சௌம்யாவுடையது. பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. சொர்ணம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வாரமாக வளர்த்த கதை கண்ணெதிரே செத்ததில் அவளுக்குச் சங்கடம். டேரில் மாஸ்டரும் சிரிக்கவில்லை. அவர் கையைத் தூக்கியதும் சத்தம் நின்றது.

"பொண்டாட்டியக் காப்பாத்த ஒரு கத சொல்றீங்கன்னு நான் நெனச்சா?"

"சத்தியமா சார்."

"சத்தியமெல்லாம் வேணாம். கோவத்துல போன கைய அரை விரல்ல நிறுத்தறது லேசு இல்ல மேன். முப்பது வருஷமா ஆடறவனுக்கே தவறும். அங்கயே நில்லுங்க. சரளா, வா. அன்னைக்குப் போட்டத அதே வேகத்துல போடு."

ஷில்பா ஒரு அடி முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டாள். சரளா வந்து அவன் எதிரே நின்றாள். காலை அகட்டி வைத்தாள். அவளிடமிருந்து வியர்வையும் நீலமும் கலந்த வாசனை வந்தது.

"நவுரக் கூடாது" என்றார் மாஸ்டர். "நவுந்தா அளவு தெரியாது. பட்டா பெல்ட் இல்ல."

மூன்று மணி நேரம் ஆடிய கை. உதடு கிழிந்த ஆள். ஆறு வாரக் கணக்கு வேறு பாக்கி இருந்தது. கோவிந்தன் கால் விரல்களால் தரையைப் பிடித்துக்கொண்டான். தாளுக்குக்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது.

"இப்ப பின்னால கிரைண்டர் இல்ல" என்றாள் சரளா, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கை புறப்பட்டதை அவன் பார்க்கவில்லை. அந்தக் கத்தல் கூடத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. கண்ணை மூடினான், ஆனால் கால் நகரவில்லை. மூக்கில் காற்று அடித்தது. கண்ணைத் திறந்தபோது அவள் கை முட்டிகள் நான்கும் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தன. பினாயில் அரித்த தோல், நடுவிரல் முட்டியில் பழைய குழம்புச் சட்டி சுட்ட தழும்பு. இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்த கை. இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததில்லை.

டேரில் மாஸ்டர் குனிந்து, தன் சுண்டுவிரலை அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தார். பாதி விரல் போனது.

"போதும்" என்றார்.

கை இறங்கவில்லை.

மாஸ்டர் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தவர், சரளாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். கோவிந்தனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், சௌம்யா கேட்டுக் கேட்டுக் காதில் விழுந்த எண்ணிக்கை தானாக மனதில் ஓடியது. இச். நி. சான். அவள் கண் இமைக்காமல் அவனையே பார்த்தது. ரோக்கு. ஷிச்சி. வியர்வை அவன் காதுக்குப் பின்னால் இறங்கியது. கூ. ஜூ.

பத்து முடிந்த பிறகுதான் கை இறங்கியது. சரளா முறைப்படி குனிந்து வணங்கினாள். டேரில் மாஸ்டர் மேசைமேல் இருந்த கறுப்பு பெல்ட்டை எடுக்கத் திரும்பினார். சௌம்யா நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தாள்.

கோவிந்தன் அவர்களுக்கு இடம் விட்டு ஒரு அடி பின்னால் போனான். போவதற்கு முன்னால், காலுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.